எங்கடை வளவிலை இருந்த ஆக்கள்

குணலட்சுமி மிஸி எந்த வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கிறாள், எந்த வீட்டில் சோடா குடிக்கிறாள் என்று பார்த்துக்கொண்டு திரிந்தாலே போதும். உடுவிலுக்குப் புதிதாக வந்த ஒருவர் ஊரின் மேல் கீழ் முழுவதையும் யாரிடமும் வாய்விட்டுக் கேட்காமல் பாடமாக்கிவிடலாம்.

அவள் அரசாங்க மருத்துவிச்சி. வெள்ளைச் சேலை, கறுத்தக் குடை, லேடீஸ் சைக்கிள், கரியரில் ஒரு தகரப்பெட்டி. பிள்ளை பிறந்து, கொடி அறுத்து, தாயைத் துடைத்துக் கிடத்திய பிறகு மிஸிக்குக் குடிக்க ஏதாவது கொடுப்பது முறை. அவளுடைய ஆட்களின் வீடு என்றால் தேத்தண்ணீர் வரும். மற்ற வீடுகளில் யாரோ ஒருவர் சொல்லாமலே சந்திக் கடைக்கு ஓடுவார். மூடி கழற்றாத சோடாப் போத்தல் வரும். அதை அவளுடைய கண்ணுக்கு முன்னால் திறந்து போத்தலோடேயே நீட்டுவார்கள். கிளாசில் ஊற்றினால் அது அவர்களுடைய கிளாஸ் அல்லவா. கடை கிட்ட இல்லாத பக்கமென்றால் இளநீர். அந்த இளநீரைச் சீவிய கத்தி யாருடையது என்று மட்டும் குணலட்சுமி ஒருநாளும் யோசித்ததில்லை. அவ்வளவு தூரம் யோசிக்க வெளிக்கிட்டால் மனிதர் தாகத்தில் செத்துப்போக வேண்டியதுதான்.

சற்று முன்தான் அந்த வீட்டுப் பெண்ணின் இரத்தத்தில் நனைந்து எழுந்த கை. அந்தக் கைக்கு இல்லாத தீட்டு வாய்க்கு எங்கிருந்து வந்தது என்று கேட்க அந்த ஊரில் ஒருவரும் இல்லை. கேட்டிருந்தாலும் அவளிடம் மறுமொழி இருந்தது.

"நான் சாதி பாக்கிறேல்லை. பாத்தா இந்த வேலை செய்யேலுமோ?" என்பாள்.

அதை அவள் நம்பித்தான் சொன்னாள். பொய் சொல்லுகிற பழக்கம் அவளிடம் கிடையாது. ஓவசியர் நமசிவாயத்தின் மகள் வாய் திறந்தால் உள்ளது மட்டும்தான் வரும் என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பெருமை. கடைசியில் வினையாக வந்து முடிந்ததும் அந்தப் பெயர்தான்.

அவளிடம் இன்னொரு கெட்டித்தனமும் இருந்தது. முன்பின் தெரியாத ஒருவரை எதிரில் இருத்தி, சிரித்த முகம் மாறாமல் கேள்வி கேட்பாள். எவடம், எந்த இடம்? அதிலை எவடம்? எந்தக் கோயிலடி? ஆர்டை ஆக்கள்? இவ்வளவுதான். வந்தவர் தேத்தண்ணீரை ஆற்றி முடிக்குமுன் அவருடைய பாட்டன் பூட்டன் வரை அவளுக்கு விளங்கிவிடும். சாதி என்ற சொல்லே அதில் வராது. அந்தக் காலத்தில் அது வரவும் கூடாது. சாதி கதைத்தால் இயக்கப் பெடியள் கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது. ஆகவே சாதி ஒளித்துக்கொண்டது. எங்கே ஒளித்தது என்றால், "எவடம்?" என்ற மரியாதையான கேள்விக்குள் போய் ஒளித்தது. இயக்கம் துவக்கு வைத்திருந்ததே ஒழிய அந்தக் கேள்விக்கு எதிராக அதனிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அவளுடைய கணவர் சண்முகநாதன் கொழும்பில் கிளாக்கராக இருந்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டுக்குக் கும்பல் வந்தது. உள்ளே தமிழன் இருக்கிறானா என்று கத்தியோடு கேட்டது. சிங்கள வீட்டுக்காரி சோமாவதி வாசல் படலையை மறித்துக்கொண்டு நின்று, உள்ளே படுத்திருப்பது என் அண்ணன், காய்ச்சலில் கிடக்கிறான் என்று சொன்னாள். அவர்கள் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டை எரித்தார்கள். சண்முகநாதன் உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் ஊர் வந்து இறங்கினார்.

இந்தக் கதையைக் குணலட்சுமி எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. கடைசியில் ஒரு வசனம் வைத்திருப்பாள். "தன்ரை ஆள் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாள். அந்த ஒரு சொல்லு இல்லாட்டி எனக்குத் தாலி இல்லை." சொல்லும்போது கண் கலங்கும். கேட்பவர்களுக்கும் கலங்கும்.

இந்தியன் ஆமி நின்ற காலத்தில் சண்முகநாதனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் குழறிப் போய் ஓரிரண்டு சொல்தான் வரும். பிள்ளைகள் இல்லை. பெரிய கல்வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்தோரம் புகையிலை உணத்துகிற பழைய குடில். அந்தக் குடிலுக்குத்தான் தொண்ணூறில் கனிசியஸ் குடும்பம் வந்தது.

கோட்டைக்காக ஆமியும் இயக்கமும் சண்டை பிடித்த நேரம். குருநகரில் குண்டு விழாத ஒழுங்கை இல்லை. கடற்கரைச் சனமெல்லாம் பாயையும் பானையையும் தூக்கிக்கொண்டு வலிகாமப் பக்கம் ஏறியது. கனிசியஸ் கடல் தொழிலாளி. அகன்ற தோளும், வாயில் எப்போதும் ஒரு பகிடியும். மனைவி யோசப்பின் மெலிந்தவள், அதிகம் கதைக்கமாட்டாள். கோயிலில் தங்கியிருந்த அவர்களைக் குணலட்சுமிதான் கூட்டிக்கொண்டு வந்தாள். வளவுக்கு ஓர் ஆம்பிளைத் துணை வேண்டும், நோயாளி மனிசனைத் தூக்க ஏத்த ஒரு கை வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது. இருந்தாலும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஊரில் எத்தனையோ வீடு பூட்டிக் கிடந்தும் யாரும் திறந்து விடாத நேரம் அது. அந்தளவுக்கு அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

வந்த அன்றே சட்டம் சொன்னாள். "இது சைவ வீடு. மச்சம் சமைக்கிறதெண்டா குடிலுக்குப் பின்பக்கமா சமையுங்கோ. தண்ணிக்குத் தோட்டக் கிணறு இருக்கு. வீட்டுக் கிணத்திலை அள்ளவேண்டாம். குடிக்கிற கிணத்திலை கன கை படுறது சுகாதாரம் இல்லை."

சுகாதாரம் என்பது அரசாங்கம் அவளுக்குப் படிப்பித்த சொல். அதற்குள் எதை வைத்து மூடினாள் என்பது அவளுடைய சொந்த விஷயம். தோட்டக் கிணற்றுத் தண்ணீர் உவர். யோசப்பின் தலையாட்டினாள். கனிசியஸ் மட்டும் சிரித்தான்.

"மிஸி, நாங்கள் உப்புத் தண்ணியிலைதானே பிறந்தது. எங்களுக்கு அது சுகாதாரம்."

தொண்ணூற்றுமூன்றில் யோசப்பினுக்குப் பிள்ளை பிறந்தது. நீண்ட காலம் பிள்ளை தங்காமல் இருந்து பிறந்த பெண். அன்று ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. புகையிலைக் குடிலுக்குள்ளேயே குணலட்சுமி முழந்தாளில் இருந்து பிள்ளையை எடுத்தாள். பிள்ளை அழவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டி, வாயை உறிஞ்சித் துப்பி, ஊதி, அழப்பண்ணினாள். அந்த அழுகை கேட்டபோது தனக்கே பிறந்த மாதிரி அவளுக்கு இருந்தது.

வெளியே வந்தவளிடம் கனிசியஸ் கண்ணீரும் சிரிப்புமாக நின்றான். "மிஸி, நாங்கள் தாற தேத்தண்ணி நீங்கள் குடியியள் எண்டு தெரியும். இந்தப் பொருளாதாரத் தடைக்கை சோடாவும் அம்பிடேல்லை. என்ன செய்யிறது, சொல்லுங்கோ?"

குணலட்சுமியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தன் வீட்டுக் குசினிக்குப் போய்த் தானே தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

பிள்ளைக்கு ஸ்ரெல்லா என்று பெயர் வைத்தார்கள். தவழப் பழகியதும் அது நேரே பெரிய வீட்டுக்குத்தான் வரும். குசினிக்குள் போகும், சாமியறைக்குள் போகும், சண்முகநாதனின் விழுந்துபோன கையைப் பிடித்து இழுத்து விளையாடும். குணலட்சுமி அதற்குத் தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோறு குழைத்துத் தீத்துவாள். தேடிக்கொண்டு வருகிற யோசப்பின் குசினி வாசற்படியோடு நின்றுவிடுவாள். உள்ளே வா என்று குணலட்சுமி சொன்னதில்லை. வரவேண்டாம் என்றும் சொன்னதில்லை. அது சொல்லுகிற விஷயமில்லை.

பிள்ளைக்கு ஒரே ஒரு வருத்தம், முட்டு. பனிக்கும் ஈரத்துக்கும் நெஞ்சு இழுக்கும். அழுதால் இன்னும் கூடும். ஆகவே அந்தப் பிள்ளையை அழவிடுவதில்லை என்பது வளவில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். இழுக்கிற நேரம் யோசப்பின் அதை நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடப்பாள். தாயின் தோளில் இருந்தால் அது அடங்கிவிடும்.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ஒலிபெருக்கி கட்டிய இயக்க வாகனம் ஒழுங்கை ஒழுங்கையாக வந்தது. ஆமி வருகிறது, எல்லாரும் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போங்கள், உடனே போங்கள். வலிகாமம் முழுவதும் ஒரே ஒரு றோட்டில் ஏறியது. மழை பிடித்துக்கொண்டது.

சண்முகநாதனை எப்படிக் கொண்டுபோவது என்று குணலட்சுமி தலையில் கை வைத்து இருந்தபோது, கனிசியஸ் எங்கிருந்தோ ஒரு தள்ளுவண்டிலைக் கொண்டுவந்து விட்டான். தன்னுடைய சாமான் எதையும் அதில் ஏற்றவில்லை. ஐயாவைக் கிடத்தினான், மேலே உரப்பை வெட்டி மூடினான், மிஸியின் தகரப்பெட்டியைக் கால்மாட்டில் வைத்தான். யோசப்பின் பிள்ளையைப் பொலித்தீனால் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

செம்மணி வெளியில் காலுக்கு மேல் கால். அடியெடுத்து வைக்க இடமில்லை. கிழடுகள் றோட்டோரம் இருந்தபடியே முடிந்து போனார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் சனம் குடையை மலர்த்திப் பிடித்து மழையைக் குடித்தது. அந்தக் குடையில் யார் யாருடைய வாய் பட்டது என்று பார்க்க ஒருவருக்கும் நேரமில்லை. யோசப்பின் ஒரு பேணியில் பிடித்த மழைத் தண்ணீரைத் தான் ஒரு மிடறு குடித்துவிட்டு நீட்டினாள். குணலட்சுமி வாங்கிக் குடித்தாள். குடித்து முடித்த பிறகுதான் அது நினைவுக்கே வந்தது. உலகம் இடிந்து விழவில்லை. அது ஏற்கெனவே விழுந்துதானே கிடந்தது.

நாவற்குழிப் பாலத்தில் வண்டிலின் சில்லு ஒரு பள்ளத்தில் இறுகிவிட்டது. பின்னால் சனம் நெருக்குகிறது. கனிசியஸ் சண்முகநாதனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒரு கையால் வண்டிலை இழுத்தான். "ஐயா, பயப்பிடாதேங்கோ. இதென்ன பாரம், ஒரு சுறா அளவும் இல்லை" என்று பகிடி வேறு விட்டான். "நீ எங்களுக்குக் கூடப்பிறந்தவன் மாதிரி" என்று குணலட்சுமி அழுதாள். மனதாரத்தான் சொன்னாள். ஆற்றைக் கடக்கும்வரை அண்ணன் தம்பி என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்.

மீசாலைப் பக்கம் வந்து சேர்ந்தபோது மத்தியானம் திரும்பிவிட்டது. வழியில் இருந்த வீடெல்லாம் நிறைந்து வழிந்தது. ஒழுங்கை ஒழுங்கையாக ஏறி இறங்கி, கடைசியில் தென்னந்தோப்புக்குள் ஒரு நாற்சார் வீட்டின் முன்னால் நின்றார்கள். வீட்டுக்காரர் தியாகலிங்கம் குடையோடு படலைக்கு வந்தார். வெறும் மேலில் திருநீறு. நல்ல மனிதரின் முகம். உண்மையில் நல்ல மனிதரும்தான். அவருடைய வீட்டில் அதற்குள் ஏழெட்டுக் குடும்பம் ஏறியிருந்தது. எல்லாருக்கும் அவர்தான் சோறு போட்டுக்கொண்டிருந்தார்.

"எவடம்?" என்றார்.

"உடுவில்."

"உடுவிலிலை எவடம்?"

"பிள்ளையார் கோயிலடி."

"அப்ப, ஆர்டை ஆக்கள்?"

"ஓவசியர் நமசிவாயத்தின்ரை மகள். இவர் என்ரை அவர், நடக்கமாட்டார்."

தியாகலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ஓவசியரின்ரை மகளோ! எங்கடை பெரியையா அவரோடை வேலை செய்தவர். அட, ஏன் மழைக்கை நிக்கிறியள், வாங்கோ உள்ளுக்கு. ஒரு அறை இருக்கு, சின்ன அறைதான்."

குணலட்சுமிக்கு அழுகை வந்தது. மழையிலும் சேற்றிலும் தான் யார் என்பதே கரைந்து போயிருந்த நேரத்தில், ஒருவர் தன்னை இன்னாரென்று கண்டுகொண்டார். அந்தச் சுகம் உடம்பு முழுக்கப் பரவியது. செத்து எத்தனையோ வருஷமான தகப்பன் அவளுக்கு ஓர் அறை பிடித்துக் கொடுத்துவிட்டார்.

தியாகலிங்கம் அவளுக்குப் பின்னால் பார்த்தார். வண்டிலின் கைபிடியில் கனிசியஸ். பக்கத்தில் பிள்ளையோடு யோசப்பின்.

"உவை?"

யோசப்பினின் கழுத்தில் சிலுவை இருந்தது. அதனால் ஒன்றும் வந்திராது. உடுவிலில் வேதக்கார வெள்ளாளர் தாராளமாக இருக்கிறார்கள் என்று தியாகலிங்கத்துக்குத் தெரியும். "எங்கடை ஆக்கள்" என்று ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல மூச்சுக்கூடப் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் கேள்வி வந்தால் சரியான மறுமொழி சொல்லிப் பழகிய வாய் அது. எவரையும் அவரவர் இடத்தில் வைத்துப் பழகிய வாய். மனம் யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

"எங்கடை வளவிலை இருந்த ஆக்கள். குருநகர்ப் பக்கம்."

ஒரு பொய்யும் இல்லை. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. குருநகர் என்றால் கடற்கரைச் சனம்; தியாகலிங்கத்துக்கு அது போதும்.

"இருக்கிறது ஒரு அறைதான்," என்றார் அவர், குரலில் ஒரு கடுமையும் இல்லாமல். "உங்களுக்கே காணாது. தம்பி, உதாலை நேர போனா பள்ளிக்கூடம் வரும். அங்கை எல்லாரையும் விடுகினமாம்."

கனிசியஸ் ஒரு பகிடியும் விடவில்லை. சண்முகநாதனை வண்டிலிலிருந்து தூக்கினான். விறாந்தைப் படி வரை கொண்டுபோனான். அங்கே வேறு இரண்டு பேர் வந்து அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். தகரப்பெட்டியை இறக்கிப் படியில் வைத்தான். வண்டிலைத் திருப்பிக்கொண்டு போனான். யோசப்பின் குணலட்சுமியை ஒருமுறை பார்த்தாள். பிள்ளையின் நெஞ்சு விசிலடிக்கிற சத்தம் குணலட்சுமிக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எங்கே போய் முடியும் என்று அந்த ஒழுங்கையில் நின்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"பிள்ளையை நனையவிடாதை," என்றாள்.

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

தியாகலிங்கத்தின் மனைவி நல்லம்மா சுடச்சுடத் தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். குணலட்சுமி குடித்தாள். சண்முகநாதன் குடிக்க மறுத்தார். கோப்பையை வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பினார். பிறகு மிகவும் பாடுபட்டு வாயைக் கோணி ஒரு சொல்லை வெளியே தள்ளினார்.

"சோமாவதி."

குணலட்சுமிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. "நான் என்ன பொய்யே சொன்னனான்? கேட்டவர், உள்ளதைச் சொன்னனான்," என்று கோபத்தோடு கிசுகிசுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகு அவளோடு அவர் கதைக்கவே இல்லை.

அடுத்த நாள் போய்ப் பார்ப்போம் என்று நினைத்தாள். அன்று மழை கடுமை. அதற்கடுத்த நாள் காலையில்தான் போனாள். பள்ளிக்கூடத்துக்குள் கால் வைக்க இடமில்லை. அவர்கள் மதிலுக்கு வெளியே ஒரு மாமரத்தின் கீழ் பொலித்தீனை இழுத்துக் கட்டி இருந்தார்கள். நிலம் முழுக்கச் சதசதவென்று ஈரம். கனிசியஸ் மருந்து தேடி ஆஸ்பத்திரிக்குப் போய் இன்னும் வரவில்லை. யோசப்பின் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி நின்றாள். பிள்ளையின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே உள்ளே இழுத்தது. உதட்டில் நீலம் தட்டத் தொடங்கியிருந்தது.

குணலட்சுமி ஓடினாள். வயதையும் சேற்றையும் பார்க்காமல் ஓடிப்போய்த் தியாகலிங்கத்தின் முன்னால் நின்றாள்.

"அண்ணை, அந்தப் பிள்ளைக்குக் கடுமை. ஈரத்திலை கிடந்தாச் செத்துப்போம். தாயும் பிள்ளையும் என்ரை அறைக்குள்ளை கிடக்கட்டும். அவை எங்கடை ஆக்கள்தான்."

தியாகலிங்கம் சிரித்தார். ஏளனம் இல்லை, ஒரு தர்மசங்கடம். "அண்டைக்கு வேறை சொன்னியள், மிஸி."

"அண்டைக்கு..." என்றாள். ஓவசியரின் மகள் சொன்னால் அது உள்ளதுதான் என்று அவர் நம்பிவிட்டார். இப்போது சொல்வதை எப்படி நம்புவார்?

"பிள்ளையைக் கொண்டுவாங்கோ," என்றார் அவர். "பச்சைப் பாலகன், பிள்ளைக்கென்ன இருக்கு. தாய் தேப்பனை மட்டும் கேளாதேங்கோ. எனக்கொண்டும் இல்லை. உள்ளை இருக்கிற மற்ற ஆக்கள் எழும்பிப் போடுவினம். நான் அவைக்கும் முகம் குடுக்க வேணுமெல்லே."

பிள்ளைக்கென்ன இருக்கு. குணலட்சுமிக்கு அந்தச் சொல் நெஞ்சில் குத்தியது. இரண்டு வருஷமாகத் தன் குசினியில் அவள் நடத்திய சட்டமும் இதேதான். பிள்ளை உள்ளே வரலாம். தாய் வாசற்படியில். அதை அவள் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் போய் யோசப்பினிடம் சொன்னாள். யோசப்பின் பிள்ளையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "என்னை விட்டிட்டு இருக்கமாட்டாளே, மிஸி," என்றாள்.

"சூட்டுக்கை கிடந்தா நித்திரையாகிடுவாள். நித்திரையாகினா இழுப்புக் குறையும்."

யோசப்பின் மரத்தைப் பார்த்தாள், ஒழுகுகிற பொலித்தீனைப் பார்த்தாள். "இவளை முதல்முதல் தூக்கினது நீங்கள்தானே. கொண்டுபோங்கோ," என்று பிள்ளையை நீட்டினாள். கழுத்தைக் கட்டியிருந்த சின்னக் கையை அவளே பிரித்துவிட்டாள்.

அறை காய்ந்திருந்தது. நல்லம்மா தன் பழைய கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினாள், வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கச் செய்தாள், மல்லித்தண்ணீர் கொண்டுவந்தாள். எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் பிள்ளை நித்திரையாகவில்லை. "அம்மா" என்றது. மூச்சை இழுத்து "அம்மா" என்றது. கதவைக் காட்டி அழுதது. அழ அழ நெஞ்சு இறுகியது. குணலட்சுமி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்து அறைக்குள் நடந்தாள். "அம்மா வருவா, அம்மா வருவா" என்றாள். பிள்ளை அவளுடைய தோளை மோந்து பார்த்துவிட்டு இன்னும் கத்தியது.

இந்த வருத்தத்துக்குத் தாயின் தோள்தான் மருந்து. அது தெரிந்திருந்தும் மருந்தை வெளியே விட்டுவிட்டு நோயை மட்டும் உள்ளே கொண்டுவந்திருக்கிறேனே என்று அவளுக்கு உறைத்தது. மற்றக் குடும்பத்துப் பெண்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். "ஆர்டை பிள்ளை?" என்று ஒருத்தி கேட்டாள். "என்ரை" என்றாள் குணலட்சுமி. அந்தப் பெண் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எத்தனை பிள்ளைகளை இந்தக் கையால் எடுத்திருப்பேன் என்று நினைத்தாள். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றுமுன்னே இது இன்னாருடைய ஆள் என்று மனம் ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டிருந்தது. இதையும் அப்படித்தான் வைத்தேன். ஒருநாளும் ஒருவருக்கும் கெடுதல் நினைத்ததில்லை என்று இறுமாந்திருந்தேன். கெடுதல் நினைக்கவே தேவையில்லாத இடத்தில் பிறந்திருந்தேன், அவ்வளவுதான். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வெட்கத்தால் பிள்ளைக்கு மூச்சு வருமா?

பின்னேரம் ஆகுமுன் அழுகை மெல்ல இறங்கியது. சத்தம் இல்லாமல் வாய் மட்டும் "அம்மா" என்று அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. குணலட்சுமி தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள், வாயில் வாய் வைத்து ஊதினாள். பிறந்த அன்று செய்ததெல்லாம் செய்தாள். ஸ்ரெல்லா திரும்ப அழவில்லை.

தியாகலிங்கம் வாசலில் வந்து நின்றார். அவருடைய கண்ணும் கலங்கியிருந்தது. "மிஸி, குறை நினையாதேங்கோ. இஞ்சை வைச்சிருக்கேலாது. இவ்வளவு சனம் இருக்குது, சாவுத் துடக்கு," என்றார்.

அவள் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். பள்ளிக்கூடம் வரை எப்படி நடக்கப்போகிறேன், அந்த முகத்தில் எப்படி முழிக்கப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே படலையைத் திறந்தாள்.

பள்ளிக்கூடம் வரை போகத் தேவை இருக்கவில்லை. படலைக்கு வெளியே, கிளுவை வேலியோரம், தலையில் உரப்பையைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு யோசப்பின் நின்றாள். காலையில் மிஸிக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறாள். அவ்வளவு நேரமும் அங்கேதான் நின்றிருக்கிறாள். சேலை உடம்போடு ஒட்டிக் கிடந்தது.

துவாய்க்குள் இருந்ததைப் பார்த்ததும் அவளுடைய முகத்தில் ஓர் ஆறுதல் வந்தது.

"அழுத சத்தம் இஞ்சை மட்டும் கேட்டது, மிஸி," என்றாள் மெதுவாக, பிள்ளை எழும்பிவிடும் என்ற பயத்தில். "பிறகு நிண்டிட்டுது. அப்பாடா, நித்திரையாப் போனாள் எண்டு நினைச்சன்."

யோசப்பின் கிட்ட வந்து துவாயை விலக்கிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். மூக்கடியில் விரலை வைத்தாள். விரலை எடுக்காமல் அப்படியே நின்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் குணலட்சுமிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"ஏன் உள்ளை வரேல்லை, யோசப்பின்?" குணலட்சுமி வெடித்தாள். "அவள் உன்னைத்தான் கேட்டவள். கடைசி வரைக்கும் உன்னைத்தான் கேட்டவள். நீ இஞ்சை நிண்டது எனக்குத் தெரியாதே! ஏன் நீ படலையைத் திறந்துகொண்டு வரேல்லை?"

யோசப்பின் நிமிர்ந்து பார்த்தாள். அவளுடைய பார்வையில் கோபம் இல்லை. உண்மையாகவே அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

"ஆரெண்டு சொல்லி வாறது, மிஸி?"

குணலட்சுமி பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்தாள்.